பவளத்தின் வெள்ளை அழகு

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டிக்குள் ஒரு கைப்பிடிக் கடலாய் அசைந்துகொண்டிருந்த பழுப்புநிற உயிர்ப்பவளம், திடீரென அடியில் வெளுத்தது. விருந்துக்கு வந்த மச்சினி, "பளிச்சுனு இருக்கு லா மாமா! பிரஷ் போட்டீங்களா?" என்றாள். பாராட்டில் மயங்கிச் சும்மா இருந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளை பாதிக் கிளைவரை ஏறியிருந்தது. தொட்டால் சதை சளிபோலக் கழன்றது. நாங்கள் மெச்சியது எலும்பை!

வாங்கிய கடைக்குப் போன் அடித்தால், "சனிக்கிழமை கொண்டாங்க பாஸ்" என்கிறார்கள். அதுவரை எது மிஞ்சும்? நோய் ஏறாத துண்டாவது தனியாக வளரட்டும் என்று, பழுப்பு மாறாத நுனிகளை வெட்டித் தனித்தொட்டியில் வைத்தேன்.

"அழகா இருந்ததைப் போய் வெட்டிட்டீங்களே!" என்று மனைவி வேறு திட்டினாள்.

ஒரே நுனி பிழைத்தது. இப்போதெல்லாம் தினமும் காலையில் அதன் அடியைத்தான் முதலில் பார்க்கிறேன். வெள்ளை தெரிந்தால் உடனே வெட்டு. யாரிடமும் அபிப்பிராயம் கேட்பதில்லை.