பிளந்த கரி

கெர்த்ருடாவின் வீட்டுச் சுவர்களில் இருந்த விரிசல்கள் சுரங்கம் தந்த சீதனம். ஸைலீசியா என்ற கரிச்சுரங்க வட்டாரத்தில் அவள் தெருவே அப்படித்தான். அடியில் கரியை எடுக்க எடுக்க, மேலே வீடுகள் விரிசல் விட்டன. கரியிலிருந்து கல் பொறுக்கும் பட்டறையில் கரிப்புழுதி தின்றே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். விரிசலைக் காட்டிக் கேட்டபோதெல்லாம் அதிகாரிகள் சொன்னது ஒரே பதில்: "ஒண்ணும் ஆகாதும்மா."

அதையே ஒருநாள் அவள் மகன் ஷிமோனும் சொன்னான். வெட்டவே முடியாத ஆழத்தில் கிடக்கும் கரிக்குள் கரியமில வாயுவைக் காற்றில் கலக்கவிடாமல் அடைத்து வைக்க முடியுமா என்று ஒரு கம்பெனி ஊர் ஓரத்தில் சோதனை செய்தது. அவன் அங்கே பொறியாளன். தேவாலயக் கூடத்தில் ஊரைக் கூட்டி, "ஒண்ணும் ஆகாது. கீழ எதையும் உடைக்க மாட்டோம். சும்மா உள்ள அனுப்புவோம், அவ்வளவுதான்" என்றான். கெர்த்ருடாவின் மகன் என்பதால் ஊர் நம்பியது.

ஒரு ஞாயிறு மதியம், இறைச்சிச் சுருளும் உருளைக்கிழங்கு உருண்டையும் பரிமாறும்போது அவனே வாய்தவறி உளறினான்.

"கரி வாயுவைக் குடிச்சதும் உப்பி, வழியை அடைச்சுக்கிச்சும்மா. அதான் போன வாரம் அழுத்தம் குடுத்துப் பிளந்தோம். இப்ப நல்லா இறங்குது."

கரண்டி அவள் கையிலேயே நின்றது.

"பிளந்தீங்களா? யாருகிட்ட சொன்னீங்க?"

"சொன்னா வீணா பயப்படுவாங்க..."

"பயப்படறதா வேணாமான்னு நாங்க முடிவு பண்ணிக்கிறோம்டா! எந்திரி. வெளிய போ."

மறுநாள் காலை, வாயு லாரிகள் நுழையும் வாசலில் தன் பழைய காரைக் குறுக்கே நிறுத்திச் சாவியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

"வண்டிய எடு பாட்டி, வேலை கெடுது!" என்று டிரைவர் கத்தினான்.

"கெடட்டும். நீ குடியிருக்கியா இந்த ஊர்ல?"

மதியத்துக்குள் தெருவே அங்கே கூடிவிட்டது. போலீஸ் வந்தது, யாரும் நகரவில்லை. கடைசியில் மேலாளர் இறங்கி வந்தார். ஒவ்வொரு வீட்டு நிலவறையிலும் வாயு கசிந்தால் அலறும் கருவி, இனி எது செய்தாலும் முன்கூட்டியே அறிவிப்பு என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டார். அதன்பின்தான் கார் நகர்ந்தது.

எந்த நிலவறையிலும் கருவி அலறவில்லை. சோதனை முடிந்ததும் வாயுவை இறக்கிய ஆழ்துளைக் கிணற்றைச் சிமெண்டால் அடைத்தார்கள்.

"பாத்தியா, ஒண்ணும் ஆகலையே" என்றபடி ஷிமோன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஆச்சுடா. எங்கிட்ட பொய் சொன்ன."

உள்ளே விட்டாள். சாப்பாடும் போட்டாள். ஆனால், அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை முதுகைக் காட்டியபடி பாத்திரங்களை ஓங்கி ஓங்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.