இருபத்து மூன்று ஷாட்டும் ஒரு வலது காதும்

திங்கட்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு டாக்சியின் பின்சீட்டிலிருந்து கிடா இறங்கியது. அதன் வலது காது நுனியில் கட்டைவிரல் நகமளவு சதை இல்லை. சனிக்கிழமை அந்தக் காது முழுதாக இருந்தது. முதலில் பார்த்தவள் நான்.

அறுபதுகளின் பிற்பகுதி. பம்பாயில் அப்போது டெலிவிஷன் கிடையாது. ஆனால் வெளிநாட்டு டெலிவிஷனுக்குக் குழந்தைகள் படம் எடுத்து அனுப்பும் ஒரு சிறிய கம்பெனி தாதரில் இருந்தது. அங்கே டைப்பிஸ்டாக இருந்தேன். கன்டினியூட்டி எழுதியவர் விலகியதால் நோட்டு என் கைக்கு வந்தது. சரிவராவிட்டால் டைப்ரைட்டருக்கே திரும்ப வேண்டும் என்பது பேச்சு.

படத்தை யாரும் கதை வரிசைப்படி எடுப்பதில்லை. சனிக்கிழமை எடுத்ததையும் திங்கட்கிழமை எடுத்ததையும் ஒட்டினால் ஒரே நிமிடம்போலத் தெரிய வேண்டும். அதற்காக எழுதுவதுதான் கன்டினியூட்டி. அன்று எடுத்தது பத்து நிமிட எபிசோடு. ஒரு சிறுமியின் அடங்காத ஆடு ஊரார் துணியையும் பள்ளி நோட்டையும் தின்று தீர்க்கிறது. இடம், செம்பூரில் ஒரு தபேலாவின், அதாவது மாட்டுக் கொட்டிலின், பின்புறம். சனிக்கிழமை இருபத்து மூன்று ஷாட் முடிந்திருந்தது. எட்டு பாக்கி.

கிடாவுக்குச் சொந்தக்காரி தாராவி ஞானம்மா. டைரக்டர் மணி சார் மாட்டுங்காக்காரர். காதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கேள்?"

"பிள்ளைக்குச் சனிக்கிழம ராத்திரி பூரா காய்ச்சல் பொரிஞ்சுது சார். கோயிலுக்குக் கிடா தாறேன்னு நேந்துக்கிட்டேன். விடியக்காலம் விட்டுட்டு. நேத்துப் பூசை முடிஞ்சு, நேந்த கிடான்னு காதுல வெட்டி அடையாளம் போட்டாச்சு."

"ஒரு நாள் பொறுத்துப் போட்டிருக்கக் கூடாதா?"

"நல்லாருக்கே! ஆண்டவரு காய்ச்சல எறக்க ஒரு நாள் பொறுத்தாரா?"

சனிக்கிழமை பிலிம் லேப்பில் இருந்தது. அதில் காது எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கப் பிரிண்ட் வர வெள்ளிக்கிழமை ஆகும். சிறுமியாக நடித்த ரமா அன்று மாலை ரயிலில் பாலக்காடு போகிறாள். எல்லாவற்றையும் மறுபடி எடுக்கப் பிலிமும் இல்லை. மூன்றே ரோல்.

"சப் கதம், எல்லாம் முடிஞ்சுது. பேக் பண்ணுங்கோ" என்றார் மணி சார்.

நான் நோட்டைத் திறந்தேன். புது வேலை. எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரியாமல் ஷாட்டுக்கு ஷாட் ஆட்டின் எந்தக் காது தெரிகிறது என்பதுவரை எழுதி வைத்திருந்தேன். ஞானம்மா சனிக்கிழமை முழுவதும் வேப்பங்குழையோடு கேமராவுக்கு இடப்பக்கமே நின்றிருந்தாள். கிடா அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் இடது காதுதான் படத்தில் விழுந்தது.

"சார், இருபத்தோரு ஷாட்டில் வலது காது தெரியாது. பதினேழாவதில் மட்டும் நேராகப் பார்க்கிறது. அதைத் திரும்ப எடுத்துவிட்டால், படம் பூராவும் வெட்டுக்காது ஆடாகவே இருக்கும்."

"இருபத்தொண்ணும் ஒண்ணும் இருபத்திரண்டுதானே?"

"ஒன்பதாவது ஷாட்டில் கிடா கேமராவைத் தாண்டி என்மேல் பாய்ந்தது. நான் எருமைக்குப் பின்னால் ஓடிவிட்டேன். காதைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டம் காலி."

கேமராமேன் சாவந்த் சிரித்தார். "பாயி, மேனே தேகா, நான் பார்த்தேன். ஒன்பதும் ஓகே. லெஃப்ட் கான், இடது காதுதான்."

சாவந்த் பதினைந்து வருஷ அனுபவஸ்தர். நான் தலையாட்டிவிட்டால் ஒரு ஷாட் மிச்சம். எனக்கும் பேசாமல் இருந்துவிடத் தோன்றியது.

"நான் பார்க்காததை எழுத மாட்டேன் சார். ஒன்பதையும் எடுத்துவிடலாம்."

மணி சார் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். காலிக் கட்டத்தில் அவர் விரல் நின்றது. "ஓடிப்போனதை ஒத்துக்கறவ மத்ததைச் சரியாத்தான் எழுதியிருப்பா. கேமராவை வை சாவந்த்."

அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை. பதினேழாவது ஷாட்டில் கிடா பள்ளி நோட்டைத் தின்ன வேண்டும். அன்று அதற்குப் பசியில்லை. முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"அங்கிள், நோட்டு வேண்டாமாம். என் ரிப்பனைத் தின்னுடுத்து!" என்று ரமா ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்து வந்து நின்றாள். வேறு ரிப்பன் வாங்கி வர முக்கால் மணி நேரம். நிறம், முடிச்சு இரண்டையும் என் நோட்டில் பார்த்து நானே கட்டினேன்.

ஞானம்மா பள்ளி நோட்டின் அட்டையில் உப்புத் தண்ணீர் தடவினாள். "இப்பக் குடுங்க. கணக்கு, பூகோளம் எல்லாத்தையும் முடிச்சிருவான்."

முடித்தது. கேமராவை நேராகப் பார்த்தபடி, வெட்டுக்காதை ஆட்டி ஆட்டி, கடைசித் தாள்வரை தின்றது. ஒரே டேக். பாக்கி எட்டையும் ஒன்பதாவதையும் நாலரை மணிக்குள் எடுத்து, ரமாவை ரயிலுக்கு அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமை லேப்பின் சின்னத் திரையரங்கில் உட்கார்ந்தோம். என் நோட்டு மடியில் இருந்தது. ஒவ்வொரு ஷாட்டாக டிக் போட்டேன். நான் எழுதிய ஒன்றும் தவறவில்லை. பழைய ஒன்பதாவது ஷாட்டையும் ஓட்டச் சொன்னார் மணி சார். கிடா கேமராவை நோக்கிப் பாய்ந்து வந்தது. அரைத் திரையை அடைத்துக்கொண்டு அதன் வலது காது, முழுசாக.

சாவந்த் எழுந்து எனக்கு ஒரு சலாம் வைத்தார். மறுநாள் என் டைப்ரைட்டரை வேறு மேஜைக்குத் தூக்கிப் போனார்கள்; நோட்டு என்னிடமே தங்கியது.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: பார்த்ததை எழுதுங்கள். பார்க்காத இடத்தை, பக்கத்தில் யார் என்ன சொன்னாலும், காலியாகவே விடுங்கள்.