ஓக்லண்டில் ஸ்னோ விழுந்த நாளும் அவருடைய ஓவர்கோட்டும்

இன்று காலை எங்கள் தெருமுனை டெய்ரியில் (இங்கே சின்னக் கடையை அப்படித்தான் சொல்வார்கள்), பால் வாங்க வரிசையில் நிற்கும்போது...

கூரையில் படபடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் ரோடு முழுக்க வெள்ளை!

கவுண்டரில் நின்ற பெண் கைதட்டினாள். "ஸ்னோ! ஸ்னோ!"

என் மகள் உடனே என் முகத்தைப் பார்த்தாள்.

(காரணம் உண்டு. ஓக்லண்டில் விழுவது ஆலங்கட்டி, ஸ்னோ அல்ல. இதை நான் இந்த ஊரில் திருத்திச் சொல்லாத ஆள் குறைவு. கொன்வென்டில் படித்தவள். பிழையைக் கேட்டுவிட்டுச் சும்மா நிற்க சிஸ்டர்மார் எனக்குப் பழக்கவில்லை!)

நான் காசை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன்.

"என்னம்மா, ஆர் யூ ஓகே? கரெக்ட் பண்ணேல்லையே?"

"பாலை எடு. போவம்."

வீட்டுக்கு வந்ததும் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் நாங்கள் இங்கே வந்தபோது, நியூசிலாந்து என்றால் ஸ்னோ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். என் கணவரும் நம்பினார். கொழும்பு வெயிலில், வியர்வை ஒழுக ஒழுக அளவு கொடுத்து, ஒரு கம்பளி ஓவர்கோட் தைப்பித்தார். அதைப் பெட்டிக்குள் வைக்க இடம் போதாமல் என் இடியப்ப உரலை எடுத்து வெளியே வைத்துவிட்டார்! (நான் மறக்கவில்லை.)

வந்து இறங்கினால் ஓக்லண்டின் மவுண்ட் ரோஸ்கில்லில் மழை. அடுத்த மாதமும் மழை. அதற்கடுத்த மாதமும் மழைதான்.

ஓவர்கோட் அறைக்கதவின் பின்னால் தொங்கியது.

எப்போதாவது ஆலங்கட்டி விழும். இவர் பின்கதவுக்கு ஓடுவார்.

"இஞ்சாரும்! ஓடியாரும்! ஸ்னோ!"

"அது ஆலங்கட்டி."

"வெள்ளையாக் கிடக்குது, குளிருது. இன்னும் என்ன வேணும் உமக்கு?"

"ஆலங்கட்டி ஆலங்கட்டிதான்."

"ஒருக்கா ஓம் எண்டு சொன்னால் உம்மடை கொன்வென்ட் இடிஞ்சு விழுந்திடுமே? சரி, நீர் ஓம் எண்டு சொல்லுற நாளிலைதான் நான் உந்தக் கோட்டைப் போடுவன்!"

சொல்லிவிட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் ஓம் என்று மட்டும் ஒத்துக்கொண்டதில்லை.

ஒரு குளிர்காலத்தில், வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். டொக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மகள் அப்போது சின்னப் பிள்ளை.

ஊரில் என்றால் தெருவே நிறைந்திருக்கும். இங்கே எங்களை விட்டால் சில தமிழ் வீடுகள்தான். தேவாரம் பாடக்கூடியவர் சிவலிங்கம் அண்ணை ஒருவர்தான். முறைகளும் அவருக்குத்தான் தெரியும்.

"தங்கச்சி, பொம்பிளையள் கேற்றடி மட்டும்தான். சுடலைக்கு வரக்கூடாது."

"தெரியும் அண்ணை" என்றேன். முறை என்றால் முறை. நான் அப்படி வளர்ந்தவள்.

பிரேத வண்டி வாசலை விட்டு நகர்ந்தது. நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பலர் பார்க்க அழுவது எனக்குப் பிடிக்காது. அழவில்லை.

அப்போதுதான் விழத் தொடங்கியது.

அப்படி ஒரு ஆலங்கட்டியை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோடு வெள்ளையானது. எங்கள் தெரு சரிவானது. வண்டி கொஞ்சத் தூரம் போய், வழுக்கி, குறுக்காக நின்றுவிட்டது. பின்னால் நடந்த ஆண்கள் தலையைப் பொத்திக்கொண்டு டெய்ரித் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள்.

நடுரோட்டில் அவர் தனியே.

நான் கேற்றைத் திறந்தேன்.

பக்கத்து வீட்டு லெட்சுமி, மலேசியக்காரி, எங்கள் வீட்டுக்குள் ஓடிப்போய்க் கையில் அகப்பட்டதைக் கொண்டுவந்து என் தோளில் போட்டாள். "அக்கா, இதையாச்சும் போட்டுக்குங்க லா! நனைஞ்சிருவீங்க!"

கம்பளி. பாரம். பூச்சிமருந்து வாசம். பார்க்காமலே தெரிந்தது.

தாழ்வாரத்தில் இருந்து சிவலிங்கம் அண்ணை கத்தினார். "தங்கச்சி! கேற்றைத் தாண்டாதையும்! முறையில்லை!"

"ஊரிலை எப்பவாவது பிரேதத்தை ரோட்டிலை விட்டுட்டுக் கடைக்குள்ளை ஓடினவையே, அண்ணை?"



சப்பாத்து இல்லாத காலோடு வண்டிக்குப் போனேன். வெள்ளைக்காரச் சாரதி, வயதானவர், கதவைத் திறந்துவிட்டார்.

"ஓக்லண்டில் ஸ்னோ! யார் நம்புவார்கள், அம்மா?" என்றார் ஆங்கிலத்தில்.

நான் அவரைத் திருத்தவில்லை.

முன் சீற்றில் ஏறி இருந்தேன். பெட்டி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பி அதன் மேல் கையை வைத்தேன். கோட்டின் கை நீளம். என் விரல் நுனிதான் பலகையில் பட்டது.

"இஞ்சாருங்கோ" என்றேன். "ஓம். ஸ்னோதான்."

பிறகு அழுதேன். சாரதி கண்ணாடியைத் துடைப்பதுபோல வெளியே நின்றுகொண்டார்.

கட்டிகள் கரைந்து வண்டி புறப்பட்டது. நான் இறங்கவில்லை. சுடலைவரைக்கும் போனேன். இறங்கும்படி யாரும் சொல்லவுமில்லை.

கோட் இன்னும் அதே கதவின் பின்னால்தான். "யாருக்காவது குடுங்கோவன் அம்மா" என்கிறாள் மகள். கொடுக்க மாட்டேன்.

இவ்வளவு நீளமாக நான் எழுதுவதில்லை. வாசித்தவர்களுக்கு நன்றி.

ஓக்லண்டில் இருப்பவர்களே, இன்று கிளென்ஃபீல்டிலும் வெள்ளையாகத்தான் கிடந்ததா? டகனினிப் பக்கம் எப்படி?

படம் இருந்தால் கீழே போடுங்கள். ஸ்னோ என்றே எழுதுங்கள்.

நான் திருத்த மாட்டேன். இன்றைக்கு மட்டும்.