மாதப்பாவின் வாரக்குடிகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். பக்தி உள்ளவர்கள் என்னைச் சாமி சொத்தில் கை வைத்தவள் என்பார்கள், இல்லாதவர்கள் சிரிப்பார்கள். போன வெள்ளிக்கிழமை மைசூரில் மகன் வீட்டில், மருமகள் ராகிக் களி கிண்டிய பாத்திரத்தைக் கழுவி அந்தப் பழுப்புத் தண்ணீரைச் சாய்த்தாள். அடிப்பிடித்த ராகி வாசனையோடு அது குழாயில் கடகடவென்று இறங்கியதும் என் வாயிலிருந்து, "நாத்துக்கு ஊத்தலாமே" என்று வந்துவிட்டது. எந்த நாற்று என்று கேட்டாள். அதற்குப் பதில்தான் இது.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அனூர்ப் பக்கத்தில் பிறந்து நாலாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட என்னை, மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகும் பாதையில் கொஞ்சம் மானாவாரி பூமி, எங்கள் பேச்சில் காடு, வைத்திருந்தவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வருஷம் வைகாசியில் ஒரு நல்ல மழை. நம்பி ராகி விதைத்தோம். விரல் உயரம் வந்து, வெயிலில் காய்ந்து போனது. ஆனியில் இன்னொரு மழை. மிச்ச விதையையும் போட்டோம். அது முளைக்கவே இல்லை. மேகம் தினமும் வரும், சாமுண்டி மலைமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடும்.

வீட்டில் மிஞ்சியது விட்டத்தில் தொங்கிய ஒரு மஞ்சள் முடிப்புதான். ஒவ்வொரு அறுவடையிலும் முதலில் தூற்றும் ஒரு படி ராகியைத் துணியில் முடிந்து, சிவராத்திரிக்கு மாதேஸ்வரன் மலையில் கொண்டுபோய்க் கொட்டுவது எங்கள் வழக்கம். மாதேஸ்வரனை எங்கள் பக்கத்தில் மாதப்பா என்போம். அந்த வருஷச் சிவராத்திரிக்கு வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. மாதப்பாவுடைய ராகி எங்களிடமே தங்கிவிட்டது.

பூமி தரிசாகக் கிடந்தால் அடுத்தது குடகுக் காப்பித் தோட்டக் கூலிதான். பக்கத்தில் இரண்டு குடும்பம் ஏற்கெனவே கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தது.

"ஏனுங்க, அந்த முடிப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"வாயக் கழுவு புள்ள. சாமி பண்டம்."

"நான் என்ன திங்கறதுக்கா கேக்கறேன்?"

"திங்கறதுக்குக் கேட்டாக்கூட மன்னிச்சிருவாரு. வெதச்சுக் காய விட்டா?"

எனக்கும் பயம்தான். விளக்கேற்றும்போதெல்லாம் விட்டத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன். பிறகு ஒருநாள் கடன் வாங்கிய மாவில் களி உருட்டிக்கொண்டே சொன்னேன். "பெரிய பண்ணாடிங்க காட்ட நாம வாரத்துக்கு ஓட்டலையா? வெத அவரோடது, பாடு நம்முளுது. வெளஞ்சதுல பாதி மலைக்கு."

"வெளையலீன்னா?"

"வெத குடுத்த பண்ணாடிக்கும் நம்ம கதிதானுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்தால் சம்மதம் என்று அர்த்தம்.

ஒரு படியை நேரே விதைத்தால் ஒரு மூலைக்குக் காணாது. ஏரித் தண்ணீர் உள்ளவர்கள் ராகியை நெல் மாதிரி நாற்று விட்டு நடுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் கொஞ்சம் விதை போதும். மழைக்குக் காத்திருக்கிற நாளிலும் பயிர் புழக்கடையில் வளர்ந்துகொண்டிருக்கும். அப்படியே பாத்தி கட்டி நாற்று விட்டோம்.

என் பக்தி அங்கேதான் குறுக்கே வந்தது. சாமி நாற்றாயிற்றே, குளித்துவிட்டுக் கிணற்றில் சேந்திய நல்ல தண்ணீர்தான் ஊற்றுவேன். கிணற்றிலோ குடத்தில் பாதி சேறு வந்தது. நாற்று மஞ்சள் தட்டியது. பாத்திரம் கழுவிய தண்ணீர் விழுந்த இடத்தில் பூசணி மட்டும் கொழுத்துப் படர்ந்தது. அடுத்த வீட்டுக் கெம்பம்மா, கன்னடக்காரி, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாள்.

"ஏனக்கா, பூசணிக்குப் பாயசம், மாதப்பாவுக்குப் பட்டினியா?"

"சாமி நாத்து. எச்சித் தண்ணி ஊத்தலாமா?"

"அல்லக்கா, மடத்துல உக்காந்து ராகி அரைச்ச சாமி அது. பாத்திரம் கழுவுன தண்ணியப் பாக்காததா?"

சின்ன வயதில் மடத்தில் சேர்ந்து மாதப்பா ராகி அரைத்த கதையை நானும் சின்ன வயதிலிருந்து கேட்டவள்தான். கேட்டு என்ன பிரயோசனம். அன்று சாயங்காலம் கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்டுவிட்டு, கழுவின தண்ணீர், குளித்த தண்ணீர், கன்று குடித்த மிச்சம் எல்லாவற்றையும் ஊற்றினேன். சில நாளில் நாற்று மஞ்சள் போய்க் கரும்பச்சையாகத் தேறியது.

ஆவணியில் மழை பிடித்தது. வீட்டுக்காரர் ஏர் ஓட்டிய சாலில் நான் நட்டுக்கொண்டே போனேன். நாற்று காணாத இடத்தில் கெம்பம்மா கொடுத்த கொள்ளுப் பயறை இறைத்தோம். அந்த மழைக்கு நேரே விதைத்தவர்களுடையது கதிர் வாங்குமுன் ஈரம் போய்விட்டது. எங்களுடையது தப்பியது. பாதி என்றால் பாதி, குறைக்காமல் அளந்தார். கொள்ளேகாலம்வரை பஸ், பிறகு தலைச்சுமை, இரண்டு நடை போனார். கொள்ளிலும் பங்கு உண்டா என்று கேட்டேன். "அது அவரு குடுத்த வெதையில்ல" என்றார்.

அதற்குப் பிறகு மழை தப்பிய வருஷமெல்லாம் எங்கள் ஊரில் நாற்று விட்டார்கள். எங்கள் பங்கிலிருந்து எடுத்த விதைதான் கடைசிவரை எங்கள் காட்டில். இப்போது அங்கே வரிசையாக மாடி வீடுகள். கெம்பம்மா இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. மாடி வீடு கட்ட அந்தக் காட்டை விட்ட வருஷம், குதிரில் இருந்த விதை முழுவதையும் அவர் மலையில் கொட்டிவிட்டு வந்தார். ஒரு பிடியாவது வைத்திருக்கலாமே என்றேன். காடே இல்லை, வாரக்குடிக்கு விதை எதற்கு என்றார்.

இதைப் படிக்கிற நீங்கள் யாருக்காவது சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். மாதப்பா மழையை வரவழைத்தார் என்று சேர்க்க வேண்டாம். மழை தனக்குத் தோன்றியபோதுதான் வந்தது. சாமிக்கு மரியாதை என்று பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சொல்லாமல் விட்டுவிடவும் வேண்டாம்.