லுவா வீட்டின் நான்கு தரைகள்

லுவா வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் தலை குனிந்துதான் ஆகவேண்டும். வார்டு அதிகாரியானாலும் சரி, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரானாலும் சரி. குனிய மறந்தவர்கள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வருவார்கள். வாசல்நிலை முப்பது வருடத்துக்கு முன்பு வைத்த இடத்திலேயேதான் இருக்கிறது. தரைதான் மூன்று முறை மேலேறிவிட்டது. ஜன்னல்கள் முழங்காலுக்கு வந்துவிட்டன. உடை மாற்றும்போது கையைத் தூக்கினால் வெட்டிவிடும் என்று மின்விசிறியைக் கழற்றி ஆறு வருடமாகிறது.

சைகோனின் தெற்கு ஓரத்தில், நகரம் தீர்ந்து நீர்ப்பனைச் சதுப்பு தொடங்கும் இடத்தில் இருக்கிறது ஓ ரோ சந்து. நாற்பத்தோரு வீடுகள். அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால் கடல் ஓதம் ஆற்றில் ஏறி, சாக்கடை வழியாகச் சந்துக்குள் புகுந்துவிடும். நிலாத் தேதி போட்ட நாட்காட்டியை மற்றவர்கள் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். லுவா அதை அடுப்புக்கு நேர் மேலே மாட்டியிருந்தாள். நொய்ச்சோறும் கரியில் சுட்ட பன்றி இறைச்சியும் விற்பதுதான் அவள் பிழைப்பு. விசிறுவாள், இறைச்சியைப் புரட்டுவாள், நாட்காட்டியைப் பார்ப்பாள், எழுந்து வாசலுக்குப் போய்ச் சாக்கடை மூடியைப் பார்ப்பாள், திரும்பி வருவதற்குள் இறைச்சி ஒரு பக்கம் தீய்ந்திருக்கும். ஒரு வாய்ச் சோற்றை உட்கார்ந்து முழுசாகத் தின்று அவளை யாரும் பார்த்ததில்லை. புருஷன் வின் உயிரோடு இருந்த காலத்தில், "உன் கால்ல சக்கரத்த யாரு மாட்டிவிட்டா?" என்று கேட்பாராம்.

அவள் மணப்பெண்ணாக வந்தபோது தரை செம்மண் ஓடு. அந்த வருடமே பின்னால் எடுத்துக் கட்டிய அடுக்களைக்கும் அதே ஓடு. மகன் பிறந்த வருடம் பக்கத்து வீட்டு லொக் தன் வீட்டுத் தரையை ஒரு முழம் உயர்த்தினான். அவன் வீட்டுக்குப் போகாத தண்ணீர் இவள் வீட்டுக்கு வந்தது. இவளும் உயர்த்தினாள், நீலப்பூ போட்ட ஓடு. அப்புறம் சந்துப் பாதையையே உயர்த்தினார்கள். மறுபடியும் இவள், இந்த முறை வெள்ளை ஓடு. எதிரே இருந்த வயலில் இரண்டு ஆள் உயரத்துக்கு மண் கொட்டி அடுக்குமாடிகள் எழுந்தபோது, அந்த மண்ணிடம் தோற்ற தண்ணீரெல்லாம் இந்தப் பக்கம் ஓடிவந்தது. நாலாவது தரைக்கு ஓடு போட மனசு வரவில்லை, வெறும் சிமெண்டு. ஒவ்வொருவரும் தன் காலை நனையாமல் எடுத்துக்கொண்டு அடுத்தவன் காலை நனைத்தார்கள். இதற்குச் சந்தில் முன்னேற்றம் என்று பெயர். லொக் வீட்டோடு சிமெண்டுக் கடை வைத்திருந்ததால் அவனுக்கு அது நிஜமாகவே முன்னேற்றம்தான்.

நாலாவது தரை போட்டு ஆறாவது வருடம் நகரத் திட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்களை நடத்தி வந்தவள் துயென், முப்பது வயதுப் பெண் பொறியாளர். முதல் நாளே லுவா வீட்டு நிலையில் இடித்துக்கொண்டு நெற்றியில் ஒரு புடைப்போடு போனாள். அவள் கையில் இரண்டு திட்டங்கள் இருந்தன. சந்துப் பாதையை இன்னும் இரண்டடி உயர்த்தி, பின்னாலிருக்கும் தாழ்ந்த நிலத்தில் மேலும் அடுக்குமாடிகளுக்கு அனுமதி கொடுப்பது ஒன்று. தாழ்ந்த நிலத்தை ஏரியாக விட்டுவிட்டு, அங்கே யாரும் கட்டக் கூடாது என்று வரைபடத்தில் எழுதி, சந்துக்குப் பின்னால் பழைய ஓடையை மறுபடி வெட்டி ஏரியோடு சேர்ப்பது இன்னொன்று. இரண்டாவது நடக்கவேண்டுமானால் ஓடை எங்கே ஓடியது என்று ஊர்க்காரர்கள் சொல்லவேண்டும். பழைய வரைபடத்தில் இருந்தது நடுங்கிய கை போட்ட ஒரு நீலக்கோடு மட்டும்தான். ஒருவரும் சொல்லாவிட்டால் முதல் திட்டம்தான்.

சொல்வது யார்? ஓடையைத் தூர்த்து அதன் மேல்தான் ஒரு வரிசை வீடே பின்கட்டு கட்டியிருக்கிறது. பட்டா இல்லாத இடம், போனால் போனதுதான். துயென் கூட்டியிருந்த ஊர்க்கூட்டத்துக்கு முந்தின நாள் எல்லோரும் லொக் கடையில் கூடி, ஓடை என்று ஒன்று இருந்ததே இல்லை என்று ஒரே பேச்சாக நிற்பதென்று முடிவு செய்தார்கள். லுவாவும் தலையாட்டினாள். பின்னே? அவள் அடுப்பு இருப்பதே அந்த ஓடையின் மேல்தான்.

கூட்டத்தில் துயென் கேட்டதும் லொக் எழுந்தான். வாத்து மேய்கிற பள்ளம் ஒன்று இருந்தது, அதுவும் தானாகவே மேடாகிவிட்டது என்றான். நாற்பது தலைகள் ஆடின. துயென் பெருமூச்சு விட்டு முதல் திட்டத்தின் தாளை விரித்தாள்.

லுவாவால் உட்கார முடியவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"ரெண்டடின்னா எங்க வீட்டுல எதுவரைக்கும் வரும் பொண்ணே?"

துயென் நெற்றிப் புடைப்பைத் தொட்டுக்கொண்டாள். "சந்து உங்க ஜன்னலுக்கு மேல போயிடும் அத்தை. தரைய ஏத்துனீங்கன்னா உள்ள நிமிர்ந்து நிக்க முடியாது."

லுவா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஐந்தாவது தரை. தன் வீட்டில் தவழ்ந்துபோய்ச் சோறு வடிக்கும் ஐம்பத்து மூன்று வயதுப் பொம்பளை. அதற்கப்புறம் ஆறாவது தரை. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஓடை இருந்துச்சு. என் அடுக்களைக்குக் கீழ இருக்கு" என்றாள்.

லொக் சிரித்தான். "அக்கா, நீ என்ன பாத்தியா? கல்யாணமாகி வந்ததே பள்ளம் மேடானதுக்கப்புறம்தானே."

"பாக்கல லொக்கு. நான்தான் தூத்தேன். மொதக் கூடை நான் போட்டது. வண்டியில கல்லு கொண்டாந்து எறக்குனது நீ."

துயென் முதல் திட்டத்தின் தாளைச் சுருட்டினாள்.

ஒரு வாரம் சந்தில் யாரும் அவளிடம் சோறு வாங்கவில்லை. லொக்கின் மனைவி, வாங்கிப்போயிருந்த தூக்குப் பாத்திரத்தைக் கழுவாமல் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். மகன் தொலைபேசியில், "ஊரோட ஒத்துப் போகத் தெரியாதாம்மா உனக்கு?" என்றான். கூட்டத்தில் சொன்னது சரியா தப்பா என்று லுவாவும் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பத்தாம் நிலா மாதம், பௌர்ணமிக்கு மறுநாள் மத்தியானம் துயென் துளைக்கிற இயந்திரத்தோடு வந்தாள். இந்த முறை குனிந்து வந்தாள். அடுக்களையில், அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி, குழாயை இறக்கினார்கள். வெளியே எடுத்ததைக் கோணிமேல் நீளமாகக் கிடத்தினார்கள். சிமெண்டு, வெள்ளை, நீலப்பூ, செம்மண் ஓடு. அதற்குக் கீழே உடைசல் கல். அதற்கும் கீழே கறுப்புச் சேறு, அழுகிய நீர்ப்பனை நாற்றத்தோடு. லுவா குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருட வாழ்க்கை ஒரு கை நீளத்துக்குள் கிடந்தது.

துயென் சிவப்பு மையால் கரையைக் குறித்துக்கொண்டே போனாள். அடுக்களையோடு நிற்கும் என்று லுவா நினைத்திருந்தாள். கோடு சுவரைத் தாண்டி அவள் கட்டிலின் பாதியில் போய் நின்றது. அந்தப் பக்கம் லொக் கடையிலும் பாதி. "மன்னிச்சுக்குங்க அத்தை" என்றாள் துயென். துளையை அடைக்க ஒரு ரப்பர் மூடியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓதம் ஏறியது. வழக்கம்போல லுவா வாசலுக்கு ஓடினாள். சாக்கடை மூடி இன்னும் காய்ந்துதான் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து களக் களக் என்று சத்தம். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, அடுக்களைத் துளையிலிருந்து பொங்கிக்கொண்டிருந்தது. மூடி கையிலேயே இருந்தது. அவள் அதைப் போடவில்லை.

பின்வாசலில் லொக் நின்றான், கையில் குழைத்த சிமெண்டு வாளி. ஒரு வாரமாகப் பேசாதவன். "அடைச்சிரு அக்கா, வீடு நாறிப்போகும். காசெல்லாம் வேணாம், நானே பூசித் தர்றேன்" என்றான். அவன் குரல் கெஞ்சியது. எந்த ஓட்டையை அடைக்கச் சொல்கிறான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"வாளிய வெளிய வையி லொக்கு" என்றாள் லுவா, பொங்குகிற தண்ணீரைக் காட்டி. "எடத்துக்காரன் வந்திருக்கான். நாமதான் வழி விடணும்."

கரியடுப்பைத் தூக்கினாள். அது கனத்தது. லொக் வாளியைக் கீழே வைத்துவிட்டு, தலை குனிந்து உள்ளே வந்து, அடுப்பின் மறுபக்கத்தைப் பிடித்தான்.