முதுகு மட்டும் தெரிந்த மாலுமி

லைல் டேக்கட்டுக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்தான். அதுவும் வரப்போகிற நூற்றாண்டின் கப்பலில். ஆர்லாண்டோ ஸ்டுடியோவில் பலகை அடித்துச் சாயம் பூசி நிறுத்தியிருந்த 'மெரிடியன்'தான் அது. அப்பன் வைத்துவிட்டுப் போன ஆரஞ்சுத் தோப்பை உறைபனி மொத்தமாகக் கருக்கிவிட்டது. ஐம்பது வயதில் ஒரு மனுஷன் எங்கேதான் போவான்? டிவி தொடரில் கூட்டத்தோடு உட்கார ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். போய் உட்கார்ந்தான்.

விளக்கு மினுங்கும் பலகையின் முன் அமர்ந்து, எதனோடும் இணைக்காத பொத்தான்களை அமுக்க வேண்டும். கப்பல் அடிபட்டால் எல்லாரோடும் சேர்ந்து இடப்பக்கம் சாய வேண்டும். வாய் திறக்கக் கூடாது. கேமராவுக்குத் தெரிவது அவன் முதுகு மட்டும். அந்த முதுகையும் ஞாயிறு தவறாமல் அவன் மனைவி நொரீன் கண்டுபிடித்துவிடுவாள். "அதோ என் ஆளு! கூன் போடாம உட்காரு லைல்!" என்று டிவியை அதட்டுவாள்.

அந்த அற்பச் சந்தோஷமும் யார் கண்ணை உறுத்தியதோ! சர்க்கரை நோய் நொரீனின் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தது. அப்புறமும் ஞாயிறு மாலை டிவி முன்னால் வந்து உட்காருவாள்.

"இப்ப நீ இருக்கியா?"

"இருக்கேன்."

"என்ன பண்ற?"

"பொத்தானை அமுக்குறேன்."

"ஒரு வார்த்தை பேசித் தொலையேன். நான் உன்னை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

அவனால் தாங்க முடியவில்லை. மறுநாளே உதவி இயக்குநர் கிரெட்சனைப் பிடித்து, எனக்கு ஒரு வசனம் வேண்டும் என்று கேட்டுவிட்டான். பக்கத்து நாற்காலியில் பொத்தான் அமுக்கும் டுவேன் தலையில் அடித்துக்கொண்டான்.

"கிறுக்கா உனக்கு? இந்தக் கப்பல்ல நம்மள மாதிரி ஆளுக்குப் பேரும் வசனமும் குடுத்தா அந்த வாரமே சாவடிக்கப் போறாங்கன்னு அர்த்தம். செத்தவன மறுபடி உட்கார வைக்க மாட்டாங்கப்பா. பொழப்புக்கு என்ன பண்ணுவ?"

"தெரியும். அவ ஒரு தடவை கேட்கட்டும், டுவேன்."

கிரெட்சன் இரக்கமுள்ள பெண். எழுத்தாளர்களிடம் மன்றாடி வாங்கி வந்தாள். மாலுமி ஹேல் என்று பெயர். "கதவ மூடுங்க கேப்டன், எனக்காக நிக்காதீங்க!" என்று கத்திவிட்டு அவன் முழுகிப்போக வேண்டும். லைல் குளிர்ந்த தொட்டித் தண்ணீரில் விறைத்தபடி கத்தினான். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"இந்த ஞாயிறு பேசுறேன்," என்று மட்டும் நொரீனிடம் சொன்னான்.

"என்ன பேசுவ?"

"சொல்ல மாட்டேன். குரலை வச்சு நீயே கண்டுபிடி."

அவள் சின்னப் பிள்ளையாய்ச் சிரித்தாள். ஞாயிறன்று தலைவாரி, உதட்டுச் சாயம் பூசி வந்து உட்கார்ந்தாள். கப்பல் அடிபட்டது. திரை நிறைய லைலின் முகம் வந்தது. வாய் திறந்தது. வெளியே வந்ததோ யாரோ ஒரு இளைஞனின் கணீர்க் குரல்.

தோப்புக்காரனின் இழுவைப் பேச்சு வரப்போகிற நூற்றாண்டுக்கு ஆகாது என்று முடிவு கட்டி, வேறு எவனையோ பேச வைத்திருக்கிறார்கள். பாவிகள், ஒரு வார்த்தை அவனிடம் சொல்லியிருக்கக் கூடாதா? திரையில் அவன் தலைக்கு மேல் தண்ணீர் மூடிற்று.

"அடப் பாவமே, யாரோ சின்னப் பையன் போயிட்டான்," என்றாள் நொரீன். "நீ எப்ப வருவ?"

லைல் அவள் பக்கம் திரும்பினான். சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நொரீன்..." என்றான்.

அவள் டிவி பக்கம் காதைச் சாய்த்தபடியே தடவிப் பார்த்து அவன் வாயைப் பொத்தினாள்.

"ஷ்! பேசாத லைல். நீ பேசுறது எனக்குக் கேட்காமப் போயிடும்."