காது திரும்பிய பீஸ்

குருமாவுக்கு நான் வாங்கி வைத்திருந்த உருளைக்கிழங்கில் பெரிதாக ஒன்றைப் பொறுக்கி, படிக்கட்டு மாதிரி சீவி வைத்திருந்தாள் என் ஓரகத்தி. என் கொழுந்தனின் மனைவி. கும்மிடிப்பூண்டியில் அப்போது எங்களுக்கு ஒரே வீடு, ஒரே அடுப்பு. சீவிய கிழங்கைத் தட்டில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து பார்த்தாள், முன்னாலிருந்து பார்த்தாள், குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நோட்டில் கட்டம் கட்டமாக ஏதோ போட்டாள்.

“இன்னாக்கா அப்பிடிப் பாக்குற? ஒரு பொருள மூணு பக்கம் பாத்து வரையணும். அதான் இன்னிக்குப் பாடம்.”

“நான் ஒரே பக்கந்தான் பாத்தேன். குருமாவுக்கு ஒண்ணு கொறையுது” என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு, முப்பத்து மூன்று வயதில், கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் படிப்பில் சேர்ந்தாள். இங்கிலீஷில் சி.ஏ.டி., ‘கேட்’ என்பார்கள். வகுப்பு திருவள்ளூரில். பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் போய் வருவாள். கொழுந்தன் சோறு கட்டிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிடுவார். என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்ததில்லை. நான் அஞ்சாவதோடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். அவள் பையை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வெளியே காட்டிக்கொண்டதில்லை. அவள் டப்பாவுக்குப் போகும் துவையலில் ஒரு கல் உப்பு கூடுதலாக விழுந்ததுண்டு.

படித்து முடித்தவளுக்கு, நான் வேலை பார்த்த தொழிற்சாலையிலேயே வேலை கிடைத்தது. மெஷின் வெட்டி மடித்துப் போடும் இரும்புத் தகடுகளின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். அந்தப் பிசிறை அரத்தால் சீவுவது என் வேலை. அவளுக்கு மாடியில் ஏசி அறை. ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்திருந்தால்தான் நிரந்தரம். “இன்னாக்கா, ஒன் ஓரகத்தி மேல கீறுறா, நீ கீழ சீவுற! குடும்பமே ஒரே தொழிலு” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சிரிப்பாள். மத்தியானம் ஓரகத்தி படியிறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். அதுவும் எனக்குப் பிடிக்காது.

ஐந்தாவது மாதம், நாங்கள் வருடக்கணக்காகச் செய்த ஒரு பீஸில் அளவை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஆர்டர் கொடுத்தவர்கள் அனுப்பிய தாளைப் பார்த்து அவள்தான் புதிதாக வரைந்தாள். அந்தப் பீஸின் ஓரத்தில் சின்னதாக ஒரு காது மடிந்திருக்கும். இடது கையில் பிடித்தால் என் பெருவிரல் தானாக அந்தக் காதில் போய் உட்காரும். அன்று முதல் பீஸை எடுத்தேன். பெருவிரல் வெறும் தகட்டில் நின்றது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி, காது அந்தப் பக்கம் போயிருந்தது.

பரிசோதிக்கிறவர் அவள் வரைபடத்தை வைத்தே அளந்தார். எல்லா அளவும் சரியாகத்தான் இருந்தது. சூப்பர்வைசர் இரண்டு முறை என்னைத் தாண்டிப் போனார். ‘சார்’ என்று ஒரு வார்த்தை போதும். நான் கூப்பிடவில்லை. கூச்சம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூச்சம் இல்லை அது. பெட்டி மொத்தத்தையும் சீவி முடித்தேன். அன்றைக்குப் போல அவ்வளவு சுத்தமாக நான் என்றைக்கும் சீவியதில்லை.

போன சரக்கு திரும்பி வந்தது. பொருளின் வலப்பக்கத் தோற்றத்தைச் சில நாடுகளில் தாளின் வலப்பக்கமே வரைவார்களாம், சில நாடுகளில் இடப்பக்கம் வரைவார்களாம். அவள் படித்தது ஒரு முறை, வந்த தாள் இன்னொரு முறை. தாளின் மூலையில் அதற்கென்று ஒரு குறி இருந்ததை அவள் கவனிக்கவில்லை. கீழே வந்து, கழித்துப் போட்ட பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“ஒன் கையிலதானேக்கா எல்லாம் வந்துது. ஒனக்கு ஒண்ணும் தோணலியா?”

“நான் அஞ்சாவது. எனக்கு இன்னாம்மா தெரியும்?”

“அதுவும் சரிதான்” என்றாள்.

தப்பித்தோம் என்று இருந்திருக்க வேண்டும் எனக்கு. இவ்வளவு சீக்கிரம் நம்பிவிட்டாளே என்று பற்றிக்கொண்டு வந்தது.

மாதக் கடைசியில் அவளை நிறுத்திவிட்டார்கள். இனி அடுப்படியில் இரண்டு பேர் இருப்போம் என்று நினைத்தேன். மூன்று மாதம்கூட இருக்கவில்லை. திருவள்ளூரில் வேறு வேலை தேடிக்கொண்டு, குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டாள். அதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்று அவளுக்குக் கீழே எட்டுப் பேர் வரைகிறார்கள். நான் முட்டி வலியில் வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறேன்.

போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தக் காதுக் கதையைத்தான் முதலில் சொல்கிறாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். “கீழ அத்தினி பேர் இருந்தாங்க, ஒருத்தருக்குக்கூடத் தெரியலக்கா.”

“எனக்குத் தெரியும்” என்றேன். “மொத பீஸ்லயே தெரியும்.”

சிரிப்பு நின்றது. ‘ஏன் சொல்லவில்லை’ என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அதற்குப் பன்னிரண்டு வருடமாகப் பதில் வைத்திருந்தேன். அவள் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

“எப்பிடிக்கா தெரிஞ்சுது?”

கையை நீட்டி, விரலை மடித்துக் காட்டிச் சொன்னேன். பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி, என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேட்டுக்கொண்டாள். என் வேலையைப் பற்றி யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. நேரமாச்சு என்று எழுந்து பஸ்ஸுக்குப் போனாள். மற்றதைக் கடைசிவரை கேட்கவில்லை.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். அந்த இடத்திலும் அவளே என்னைத் தாண்டிப் போய்விட்டாள் என்று நினைத்தால், இந்த வயதிலும் எனக்குப் பொறுக்கவில்லை.